பழைய பள்ளியும் அரசு மானியமும்: கை தூக்கும் முன் சில வார்த்தைகள்

(ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களும் படித்துப் பார்ப்பதற்காக இங்கே வெளியிடப்படுகிறது.)





சென்ற ரமளானில், தராவீஹ் தொழுகையின் எட்டாவது ரக்அத் முடிந்து நாம் ஸலாம் கொடுத்த நேரத்தில், பழைய பள்ளியின் பின் பக்கத்து மேல்தளத்திலிருந்து ஒரு காரைப் பாளம் பெயர்ந்து விழுந்தது. சிறு பிள்ளைகள் உட்காரும் ஸஃப் அது. அன்று பிள்ளைகளெல்லாம் தண்ணீர் குடிக்க ஹவுழ் பக்கம் போயிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த இடத்தைக் கயிறு கட்டி மறைத்து வைத்திருக்கிறோம். அந்தக் கயிறுதான் இன்றைக்கு நம்மை இங்கே கூட்டி வைத்திருக்கிறது.

கயிறு கட்டிய மறுநாளே மூன்று கருத்துகள் கிளம்பின. "இடித்துவிட்டு மூன்று மாடியில் புதுப் பள்ளி கட்டுவோம், வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகள் பணம் தருவார்கள்" என்றார்கள் சிலர். "முன்னோர்கள் தொழுத இடத்தில் கடப்பாரை வைக்கக் கூடாது, பழுது பார்ப்போம்" என்றார்கள் சிலர். மூன்றாவது சாரார், "இது பழமையான சின்னம். அரசாங்கத்திடம் எழுதிப் போட்டால் மானியம் கொடுப்பார்கள். நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்றார்கள்.

அந்த மூன்றாவது கருத்தை விசாரித்துச் சொல்லும்படி ஜமாஅத் நமது அறக்கட்டளையைக் கேட்டுக்கொண்டது. நான்கு மாதமாக விசாரித்தோம். கண்டதைச் சொல்கிறோம். முடிவு உங்களுடையது.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கிப்லா சுவரில் காரை உதிர்கிறது என்று நமது அறக்கட்டளைதான் முன்னின்று சிமெண்டு பூசியது. நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். பத்திரமாக இருக்கட்டும் என்று சிமெண்டின் மேல் எண்ணெய்ப் பெயின்டும் அடித்தோம். இப்போது வந்து பார்த்த பாரம்பரியக் கட்டடப் பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியே வெளியேறிவிடும். நீங்கள் சிமெண்டு பூசி அந்த வழியை அடைத்துவிட்டீர்கள். உள்ளே தங்கிய ஈரத்தில் கடற்கரை உப்பு கரைகிறது. காயும்போது படிகமாகிக் கல்லையும் செங்கலையும் உள்ளிருந்தே தின்கிறது." மேல்தளத்துக் காரை விழுந்ததற்கும் இதே கதைதான். மொட்டை மாடியில் பழைய ஓட்டைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்டு போட்டோம். அது வெயிலில் வெடித்து, வெடிப்பில் மழைநீர் இறங்கியது.

ஆகவே கட்டடம் கிழமாகிவிட்டதால் விழுந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். நாம் பார்த்த வைத்தியம் தவறு. நோய் இன்னதென்று தெரிந்தால்தான் மருந்தைப் பற்றிப் பேச முடியும்.

சரி, காக்கும் அளவுக்கு அங்கே என்னதான் இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாம் தினமும் பார்ப்பதால் நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. கல் தூண்கள், தூணின் தலையில் பூ வேலை, கல் பாவிய தட்டையான கூரை. மனித உருவமோ விலங்கு உருவமோ எங்கும் இல்லை. கொடியும் பூவும் கட்டங்களும் மட்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிகளில் இதே வேலைப்பாட்டைக் காணலாம். கோயில் மண்டபம் கட்டிய கல்தச்சர் மரபின் உளிதான் நம் பள்ளியிலும் வேலை செய்திருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் நாம் என்று பேசுவோருக்கு அந்தத் தூண்களே பதில். இந்த மண்ணின் கையால் இந்த மண்ணில் எழுந்த பள்ளி இது. தில்லியிலோ ஆக்ராவிலோ இந்த வடிவத்தைத் தேடினால் கிடைக்காது.

இப்போது மானியத்துக்கு வருவோம். வணக்கத்தலத்தைக் காக்க ஓர் அரசு பணம் தருவது புதுமையானதல்ல. நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்களில் மிக உயரமான 131 அடி மனோராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இன்றைய அரசுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்க்க, நம் ஊர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம்.

சோழமண்டலக் கரையிலிருந்து போன நம்மவர்களைச் சூலியா என்று அங்கே அழைத்தார்கள். அவர்கள் 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஒரு பள்ளியை நிறுவினார்கள். இன்று நிற்கும் கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடையில் எழுந்தது. மஸ்ஜித் ஜாமிஆ என்பது அதன் பெயர். நம்மவர்கள் 'பெரிய பள்ளி' என்பார்கள். 1827இல் தெலுக் ஆயர் தெருவில் ஒரு கீற்றுக் குடிசையில் இன்னொரு பள்ளி தொடங்கியது. பிறகு கல் கட்டடமாகி மஸ்ஜித் அல் அப்ரார் என்று பெயர் பெற்ற பிறகும் 'குச்சுப் பள்ளி' என்ற தமிழ்ப் பெயர் போகவில்லை. அதே தெருவில் 1828 முதல் 1830 வரை நாகூர் ஆண்டகையின் நினைவாக ஒரு தர்காவையும் கட்டினார்கள்.

1971இல் சிங்கப்பூர் அரசு சின்னங்கள் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1973இல் முதன்முதலாக எட்டுக் கட்டடங்களைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. அந்த எட்டில் ஹாஜா பாத்திமா பள்ளியும் இருந்தது, மாரியம்மன் கோயிலும் இருந்தது, தேவாலயங்களும் சீனக் கோயிலும் இருந்தன. 1974இல் பெரிய பள்ளி, குச்சுப் பள்ளி, நாகூர் தர்கா மூன்றும் பட்டியலில் சேர்ந்தன. டன்லப் தெருவிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளி 1979இல் சேர்ந்தது. அதன் வாசலுக்கு மேலே சூரியன் போன்ற ஓர் அமைப்பு உண்டு. அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சிங்கப்பூர் போகும் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சின்னமாக அறிவித்தவுடனே பணம் வந்துவிடவில்லை. கட்டுப்பாடுதான் முதலில் வந்தது. அனுமதியின்றி ஒரு சன்னலைக்கூட மாற்றக் கூடாது. செலவோ நிர்வாகத்தின் தலையில். நாகூர் தர்கா பல ஆண்டுகள் பழுதாகிக் கிடந்து, பிறகு சீரமைக்கப்பட்டு, 2011இல் இந்திய முஸ்லிம் பாரம்பரிய மையமாகத் திறக்கப்பட்டது. தேசியச் சின்னங்கள் நிதி என்ற மானியத் திட்டம் 2008இல்தான் வந்தது. சமய அமைப்புகளும் லாப நோக்கமற்ற அமைப்புகளும் வைத்திருக்கும் சின்னங்களுக்கு உரிய திட்டம் அது. அதிலும் முழுச் செலவையும் அரசு ஏற்பதில்லை. அரசு ஒரு பங்கு, நிர்வாகம் ஒரு பங்கு. ஆரம்பத்தில் பெரிய சீரமைப்புக்கு மட்டும் கொடுத்தார்கள். பின்னர், ஆண்டுதோறும் பராமரித்தால் பெரிய பழுதே வராது என்று உணர்ந்து, பராமரிப்புக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நாம் ஒரு கை நீட்டினால்தான் அரசு மறு கையை நீட்டும் என்பது முதல் பாடம். இடிந்த பிறகு கட்டுவதைவிட இடியாமல் பார்த்துக்கொள்வது மலிவு என்பது இரண்டாவது.

இங்கிலாந்தில் வேறு வழி. வோக்கிங் நகரில் 1889இல் கட்டப்பட்ட ஷாஜஹான் பள்ளி, போபால் பேகம் ஷாஜஹான் அவர்களின் உதவியால் எழுந்தது. 2018இல் அதை முதல் தரப் பாரம்பரியக் கட்டடமாக உயர்த்தினார்கள். அந்த நாட்டில் பட்டியலிடப்பட்ட வணக்கத்தலங்களைப் பழுது பார்க்கும்போது கட்டும் விற்பனை வரியை அரசு மானியமாகத் திருப்பித் தரும் திட்டம் 2001இல் வந்தது. எல்லாச் சமயத்தாருக்கும் அது பொதுவாக இருந்தது. ஆனால் 2025 ஏப்ரலில் ஒரு கட்டடத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். பாதி வேலையில் இருந்த தலங்கள் தடுமாறின. மூன்றாவது பாடம் இது. அரசு மானியம் இன்று இருக்கும், நாளை குறையும். அதை மட்டும் நம்பி ஏணி ஏறக் கூடாது.

இனி நம் நாடு. இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும்.

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்று நம் அரசியல் சாசனத்தின் 49ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கான சட்டம் 1958இல் வந்தது. நூறாண்டுக்குக் குறையாத பழமை வேண்டும். மத்திய அரசு முதலில் அரசிதழில் அறிவிப்புக் கொடுக்கும். இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதன் பிறகு சின்னமாக அறிவிக்கும். நாடு முழுவதும் சுமார் 3,700 சின்னங்கள் இப்படி இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. செஞ்சிக் கோட்டையிலும் வேலூர்க் கோட்டையிலும் உள்ள பள்ளிகளும் அவற்றில் அடக்கம்.

"நம் பள்ளியையும் அதில் சேர்த்துவிடலாமே" என்று நம்மில் பலர் கேட்டார்கள். நமக்கும் முதலில் ஆசைதான். விசாரித்த பிறகு தயங்கினோம். காரணங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, மத்தியப் பாதுகாப்புக்குள் வந்தால் மானியம் என்று நம் கையில் காசோலை தரமாட்டார்கள். தொல்லியல் துறையே தன் ஆட்களைக் கொண்டு, தன் வரிசைப்படி, தன் நிதி நிலைக்கேற்ப வேலை செய்யும். நாம் நினைத்தபோது ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

இரண்டாவது, தொழுகை. அறிவிக்கும்போது வழிபாடு நடந்துகொண்டிருந்தால் அது தொடர இடமுண்டு. நின்று போன இடத்தில் மீண்டும் தொடங்குவது மிகக் கடினம். வேலூர்க் கோட்டைப் பள்ளியில் இன்று தொழுகை இல்லை என்பது நீங்கள் அறிந்ததே.

மூன்றாவது, நம் வீடுகள். 2010இல் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் அனுமதி பெற்றே கட்ட வேண்டிய பகுதி. தடை செய்யப்பட்ட பகுதியில் இருக்கும் வீட்டை அனுமதி பெற்றுப் பழுது பார்க்கலாம். புதிதாகக் கட்டக் கூடாது. மேலே ஒரு மாடி எழுப்புவதும் பக்கவாட்டில் நீட்டுவதும்கூடப் புதிய கட்டுமானமாகவே கொள்ளப்படும். நாங்கள் அளவு நாடாவோடு பள்ளி மதிலிலிருந்து நடந்து பார்த்தோம். நடுத்தெரு முழுவதும், கிழக்குத் தெருவில் பெரும்பகுதியும் நூறு மீட்டருக்குள் வந்துவிடுகின்றன. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். இளைய மகளுக்கு மாடி எடுக்கலாம் என்று காசு சேர்த்து வைத்திருக்கும் வாப்பாமார்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது அநியாயம்.

நான்காவது, ஆவணம். 2025 வக்ஃபு திருத்தச் சட்டத்தில், பாதுகாக்கப்பட்ட சின்னமாக உள்ள இடத்தை வக்ஃபு என்று அறிவித்தால் அது செல்லாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. இந்த நிலையில் நம் வக்ஃபுப் பதிவு ஒரு புள்ளிகூடக் குறையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தத் துறையின் கதவையும் தட்டக் கூடாது.

தொல்லியல் துறை கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தத் துறை இல்லாவிட்டால் இந்நாட்டின் எத்தனையோ பள்ளிகளும் கோயில்களும் மண்ணாகிப் போயிருக்கும். கைவிடப்பட்ட கட்டடத்துக்கு அது உயிர் கொடுக்கும். ஐவேளைத் தொழுகை நடக்கும், சுற்றிலும் குடும்பங்கள் வாழும் நம் பள்ளிக்கு அந்தச் சட்டை பொருந்துமா என்பதுதான் கேள்வி.

அப்படியானால் அரசு உதவியே இல்லையா? இருக்கிறது. தமிழக அரசு, பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் பழுது பார்க்க வக்ஃபு வாரியத்தின் வழியாக மானியம் தருகிறது. தேவாலயங்களைச் சீரமைக்கவும் தனியே ஒரு திட்டம் இருக்கிறது. இதற்கு நம் பள்ளி தேசியச் சின்னமாக வேண்டியதில்லை. நூறு மீட்டர் தடையும் வராது. ஆனால் வக்ஃபு வாரியத்தில் பதிவு, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, பொறியாளரின் மதிப்பீடு, ஜமாஅத் தீர்மானம், வேலை முடிந்தபின் பயன்பாட்டுச் சான்றிதழ் இவ்வளவும் வேண்டும். மானியம் என்பது இனாம் அல்ல. ஒவ்வொரு மூட்டைச் சுண்ணாம்புக்கும் ரசீது காட்ட வேண்டிய அமானத் அது.

இங்கே வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கணக்கில் திருட்டு இல்லை, அல்லாஹ் சாட்சி. ஆனால் ஒழுங்கும் இல்லை. கந்தூரிச் செலவும் கூரைச் செலவும் ஒரே நோட்டில் இருக்கின்றன. உண்டியல் எண்ணும்போது இருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்ற தீர்மானம் இருக்கிறது, பல மாதங்களில் கையெழுத்து இல்லை. இந்த நோட்டைக் கொண்டுபோய் எந்த அதிகாரியிடமும் மானியம் கேட்க முடியாது. கூரையைச் சீர்செய்யும் முன் கணக்கைச் சீர்செய்ய வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் ஒரு விளக்கம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட சொந்தக்காரர்கள் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். நம்மிடம் இரண்டும் இல்லை. மூன்று மாடிக்குப் பணம் தருகிறோம் என்று சொன்னவர்களில் சிலர் அந்நாட்டுக் குடிமக்கள். அவர்களுடைய நல்ல எண்ணம் நமக்கு வழக்காக முடிந்துவிடக் கூடாது.

இனி இடநெருக்கடி. "ஜும்ஆவுக்கு வெயிலில் தார்ப்பாய் போட்டுத் தொழுகிறோம், பெண்களுக்கு ஒழுங்கான இடம் இல்லை, நீங்கள் தூணைப் பற்றிப் பேசுகிறீர்களே" என்று ஒரு சகோதரி கேட்டார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு வேறு எதைப் பேசியும் பயனில்லை. அதற்கு விடை தேடிக் கொடுங்கல்லூர் சேரமான் பள்ளியின் வரலாற்றைப் படித்தோம்.

இந்தியாவின் முதல் பள்ளி என்று கேரள மக்கள் மரபாகப் போற்றும் இடம் அது. கூட்டம் பெருகப் பெருக முன்னால் கான்கிரீட் எழுப்பினார்கள், குவிமாடமும் மினாராவும் வைத்தார்கள். பழைய ஓட்டுக்கூரைப் பள்ளி உள்ளே மறைந்து போயிற்று. பிறகு அந்த ஜமாஅத்தே மனம் மாறியது. கேரள அரசின் முசிறிப் பாரம்பரியத் திட்டத்தின் துணையோடு, பிற்காலக் கான்கிரீட்டை அகற்றிப் பழைய தோற்றத்தை மீட்டார்கள். கூட்டத்துக்கு என்ன செய்தார்கள்? நிலத்துக்கு அடியில் பெரிய தொழுகைக் கூடம் அமைத்தார்கள். மேலே பழைய பள்ளி, கீழே புதிய இடம். 2016இல் நம் பிரதமர் சவூதி மன்னருக்கு அந்தப் பள்ளியின் பொன்முலாம் பூசிய சிறு மாதிரியைப் பரிசளித்தபோது, பழைய ஓட்டுக்கூரை வடிவத்தைத்தான் கொடுத்தார்.

நம் ஊர் கடற்கரை ஊர். ஆறடி தோண்டினால் தண்ணீர் வரும். நிலத்தடிக் கூடம் நமக்கு ஆகாது. ஆனால் பள்ளியின் வடபுறம், பழைய மதரஸா இடிந்து காலியாகக் கிடக்கும் வக்ஃபு மனை இருக்கிறது. அங்கே தரையோடு ஒரு கூடமும், பெண்களுக்குத் தனி வாசலோடு ஒரு பகுதியும், உளூச் செய்யும் இடமும் கட்டலாம் என்று பொறியாளர் வரைந்து காட்டியிருக்கிறார். மூன்று மாடிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். முட்டி வலியுள்ள பெரியவர்களும் படி ஏற வேண்டியதில்லை.

மார்க்கத்தின் பார்வையில் இரண்டு செய்திகள். தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பொறுப்பு. நாங்கள் அவர்களிடம் கேட்டறிந்ததைச் சொல்கிறோம். ஜகாத் பணத்தைப் பள்ளியின் சுவருக்கும் கூரைக்கும் செலவிடக் கூடாது. அது ஏழைகள் முதலான எட்டு வகையினரின் உரிமை. பள்ளிக்குக் கொடுப்பது ஸதக்காவாகவும் வக்ஃபாகவும் இருக்கட்டும். இரண்டாவது, பள்ளிகளைக் கட்டிப் பெருமையடித்துக் கொள்வதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பக்கத்து ஊரில் மூன்று மாடி, நமக்கும் மூன்று மாடி என்ற எண்ணம் நம் உள்ளத்தில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தனியே கேட்டுக்கொள்வோம். பழமையைக் காப்பவருக்கும் இது பொருந்தும். "எங்கள் பள்ளி எத்தனை நூற்றாண்டு தெரியுமா" என்பதும் பெருமைதான். பள்ளியின் சிறப்பு அதில் நிறையும் ஸஃபில் இருக்கிறது. சுபுஹுக்கு ஒன்றரை ஸஃப் நின்றால், எந்தக் கல்லும் நமக்காகப் பேசாது.

நமது அறக்கட்டளையின் பரிந்துரை இது.

ஒன்று, பழைய பள்ளியை இடிக்க வேண்டாம். கயிறு கட்டிய பகுதிக்கு உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கான செலவை அறக்கட்டளை ஏற்கிறது. பிள்ளைகளின் தலைக்கு மேல் இருக்கும் ஆபத்து எந்த மானியத்துக்கும் காத்திருக்கக் கூடாது.

இரண்டு, சிமெண்டைக் கவனமாக அகற்றிவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையில் வேலை செய்யத் தெரிந்த கொத்தனார்களை வைத்துப் பழுது பார்ப்போம். வேலை மெதுவாகத்தான் நடக்கும். பொறுமை வேண்டும்.

மூன்று, மத்தியச் சின்னமாக அறிவிக்கும்படி இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். வக்ஃபு வாரியத்தின் வழியாக மாநில அரசின் மானியத்துக்கு விண்ணப்பிப்போம். கிடைத்தால் ஷுக்ர், கிடைக்கத் தாமதமானால் வேலை நிற்காது.

நான்கு, வடபுற மனையில் புதிய கூடம், பெண்கள் பகுதியோடு. கட்டடக் குழுவில் இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். அவர்களுக்கான இடத்தை அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.

ஐந்து, இந்த மாதம் முதல் பள்ளிக் கணக்கு தனி வங்கிக் கணக்கில், ஆண்டுத் தணிக்கையோடு. வரவு செலவு இந்த மடலில் ஒவ்வொரு இதழிலும் வெளிவரும்.

ஆறு, ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒரு நாள், இளைஞர்கள் மாடி ஏறிச் செடி பிடுங்கி, தண்ணீர்த் தாரைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். சுவரைப் பிளக்கும் அரசங்கன்று முதலில் இரண்டு இலையாகத்தான் முளைக்கிறது.

இதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அலமாரியில், இரும்புப் பெட்டியில், பழைய கல்யாணப் புகைப்படங்களில் பின்னணியாகப் பள்ளி தெரியும் படம் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். நிலவரி ரசீது, பழைய பத்திர நகல், வாப்பாமார் எழுதி வைத்த குறிப்பு எதுவானாலும் சரி. நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். மானியம் கேட்கவும் வக்ஃபு உரிமையை நிலைநாட்டவும் அந்தக் காகிதங்கள்தான் நமக்குத் தூண்கள்.

இம்மாதக் கடைசி வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் கை தூக்கச் சொல்வார்கள். எங்கள் கருத்தோடு நீங்கள் உடன்பட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பான்மை இடிக்கச் சொன்னால் நாங்கள் கோபித்துக்கொண்டு ஒதுங்கமாட்டோம். அப்போதும் முதல் ஆளாகச் செங்கல் சுமப்போம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். அன்று அஸருக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் பழைய பள்ளிக்குள் போய்த் தனியே உட்கார்ந்து பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். வெளியே அவ்வளவு வெயில் அடிக்கும்போது உள்ளே எவ்வளவு குளிர்ச்சி என்று பாருங்கள். அந்தக் குளிர்ச்சியைச் செய்துவிட்டுப் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் பெயர்ப்பலகை வைக்கவில்லை. அவர்களுடைய ஸதக்கத்துல் ஜாரியா இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தும் கை நம் கையாக வேண்டுமா என்று யோசித்துவிட்டு அந்தக் கையைத் தூக்குங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல முடிவை நாடுவானாக. நம் பள்ளியையும் நம் ஒற்றுமையையும் காப்பானாக. ஆமீன்.